குறவஞ்சியும் வினாநிரலும்

தமிழிலக்கிய ஆராய்ச்சி நூலகத்தின் நான்கு சுவர்களுக்குள்ளேயே நிகழ்ந்த காலம் ஒன்றிருந்தது. ஏடும் பதிப்பும் உரையும் கல்வெட்டுமே அன்று சான்றுகளாக நின்றன. இன்று நிலை வேறு. வட்டார வழக்கு, நாட்டார் வழக்காறு, படிப்போர் சுவை ஆகிய துறைகளிற் புகும் மாணாக்கர் மக்களை நேரிற்கண்டு வினவிச் சான்று திரட்டுகின்றனர். அதற்கு அவர்கள் கையாளும் கருவி வினாநிரல். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அதனைக் காணாத தேர்வாளர் அரியர். அஃது உளநூலாரிடமிருந்து நாம் கடனாகப் பெற்ற கருவி. கடன் பெற்ற கருவியின் இயல்பை ஆராயாமற் கையாள்வது பொருந்துமா என்பதே ஈண்டு எழும் கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டினை முன்வைத்துத் தொடங்குவோம். 'குற்றாலக் குறவஞ்சியின் மலைவளப் பாடல்கள் தங்கள் உள்ளத்தைக் கவர்ந்துள்ளனவா? ஆம் / இல்லை.' இவ்வாறு வினா ஒன்றனை அச்சிட்டுத் தென்காசியிலும் குற்றாலத்திலும் நூறு பேரிடம் கொடுத்தோம் என்றும், தொண்ணூறு பேர் 'ஆம்' எனக் குறியிட்டனர் என்றும் வைத்துக்கொள்வோம். 'குறவஞ்சியின் சுவை நூற்றுக்குத் தொண்ணூறு பேரால் ஒப்புக்கொள்ளப்பட்டது' என ஆய்வேடு முடிவுகூறும். இத்தொண்ணூறு எதனை அளந்தது? நூலின் சுவையையா? தென்காசியாரின் விருந்தோம்பலையா? வினவிய மாணாக்கரின் விருப்பத்தையா? அவருட் பலர் நூலைக் கண்ணாலும் கண்டிலர் என்பது பின்னர்த் தெரியவரின், அம்முடிவு யாதாகும்?

வினாவும் விடையும் பற்றி நம் இலக்கண நூலார் வகுத்த கூறுபாடுகள் இக்கருவிக்கு உரைகல்லாகப் பயன்படும் என்பதும், திரிகூடராசப்பக் கவிராயரின் நூலே அவ்வுரைகல்லில் இட்டுப் பார்க்கத்தக்க நிகழ்ச்சிகளைக் கொண்டுள்ளது என்பதும் என் கருத்து. மேனாட்டார் கண்டனவெல்லாம் நம் முன்னோர் கண்டனவே என நிறுவும் நோக்கம் எனக்கு இல்லை. புள்ளியியல் பவணந்தியார் அறியாத கலை. ஆயின் வினா என்பது யாது என்பதை அவர் நன்கறிந்தவர்.

உளநூலில் வினாநிரலுக்கு மதிப்புத் தேடித்தந்தோருள் முதல்வராக எண்ணப்படுபவர் பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர். மனக்கண்ணில் தோன்றும் உருவங்களைப்பற்றி அவர் நிகழ்த்திய ஆராய்ச்சி 1880இல் வெளிவந்தது. அன்று காலை தாம் உணவருந்த அமர்ந்த மேசையை நினைவிற் கொணருமாறும், அவ்வுருவம் ஒளியுடன் தோன்றுகின்றதா, பொருள்கள் தெளிவாக உள்ளனவா, நிறம் தெரிகின்றதா என எழுதுமாறும் பலரைக் கேட்டார். ஆடவர் நூற்றுவர் தந்த விடைகளை அவர் தரப்படுத்தி ஆராய்ந்தார். அறிவியல் வல்லார் பலர் அத்தகைய உருவம் தமக்குத் தோன்றுவதே இல்லை என்றும், மனக்கண் என்பது வெறும் உவமை என்றும் மறுமொழி விடுத்தனர். கால்ட்டன் இதனை எதிர்பார்த்திலர், வியப்புற்றார். இவ்வியப்பே அவருடைய வினாவின் செம்மைக்குச் சான்று என்பேன். கேட்டவரை வியப்பிக்க இயலாத வினா ஆராய்ச்சிக்குரிய வினாவன்று.

இனி நன்னூலுக்கு வருவோம். வினா அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என அறுவகைப்படும் என்பர் பவணந்தியார். பொருளறிந்த ஆசிரியன் மாணாக்கனை அப்பொருள் யாது எனக் கேட்டல் அறிவினா. அதனையே மாணாக்கன் ஆசிரியனிடம் கேட்டல் அறியா வினா. தெளிவின்றித் தடுமாறுவான் கேட்பது ஐய வினா. கடைக்காரனிடம் 'பயறு உளதோ' எனல் பெறற்பொருட்டாயது. 'இவனுக்கு ஆடை இல்லையோ' எனல் தரற்பொருட்டாயது. 'உண்டாயோ' என்று உண்ணுமாறு தூண்டுதல் ஏவற்பொருட்டாயது. ஈண்டு நாம் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இப்பாகுபாடு சொல் வடிவம்பற்றி எழுந்ததன்று. வினவுவான் கருத்துப்பற்றி எழுந்தது. ஒரே தொடர் கேட்பான் உள்ளக் கிடக்கைக்கேற்ப வெவ்வேறு வினாவாகும்.

மேற்காட்டிய 'உள்ளத்தைக் கவர்ந்துள்ளனவா' என்பது இவ்வாறனுள் எது? வடிவால் அறியா வினா. கருத்தால் நோக்கின், குறவஞ்சி சுவையுடைத்து என முன்னரே முடிவுசெய்தவன் அம்முடிவிற்கு உடன்பாடு வேண்டி நிற்றலின் கொளல் வினா. 'கவர்ந்துள்ளன' என்ற சொல்லே விடையைப் படிப்பவன் கையிற் கொடுத்துவிடுதலின் ஏவல் வினாவும் ஆம். அறியா வினாவின் உடையை உடுத்து ஏவல் வினா உலவுவதே நம் பின்னிணைப்புக்களிற் காணும் பெருங்குறை. சொல்லொன்று செய்யும் தீங்கினை 1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் என்னும் இருவர் அளந்து காட்டினர். 45 மாணாக்கர்க்கு ஊர்திகள் மோதும் படக்காட்சிகளைக் காட்டி, வேகம் எவ்வளவு என வினவினர். 'நொறுங்க மோதியபோது' என்ற சொல்லால் வினவப்பட்டார் கூறிய வேகத்தின் சராசரி மணிக்கு ஏறத்தாழ 41 மைல். 'தொட்டபோது' என்ற சொல்லால் வினவப்பட்டார் கூறியது ஏறத்தாழ 32 மைல். கண்ட காட்சியோ ஒன்று.

வினாவின் வழுவிற்கு வருந்துவோர் விடையின் வழுவை நினைப்பதில்லை. தொல்காப்பியனார் செப்பு, வினா இரண்டும் வழுவாமற் காத்தல் வேண்டும் என ஒருங்கு விதித்தார். வினாவிற்கு எதிராக வினாவே வரினும் அதுவும் செப்பாகும் என்றார். உரையாசிரியர் செப்பினைச் செவ்வன் இறை, இறை பயப்பது எனப் பகுத்தனர். நன்னூலார் சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என விடை எட்டெனக் கொண்டு, இறுதி ஐந்தும் விடைப்பொருளை உணர்த்துதலின் விடையாகத் தழுவிக்கொண்டார். சாரற்காலத்தில் ஒருவனை 'அருவியில் நீராட வருவாயா' எனக் கேட்பின், 'நீ போ' என்பான், 'வாராதிருப்பேனோ' என்பான், 'நேற்றே சளி பிடித்துக்கொண்டது' என்பான், 'காய்ச்சல் வரும்' என்பான், 'கோயிலுக்கு வேண்டுமானால் வருவேன்' என்பான். இவையனைத்தும் விடையே. இவற்றுள் ஒன்றேனும் 'ஆம்', 'இல்லை' என்னும் இரு கட்டங்களுள் அடங்குமா? அச்சிட்ட வினாநிரல் நேர், மறை என்னும் இரண்டற்கே இடந்தருகின்றது. எஞ்சியவற்றைக் குறிப்பெடுப்பவன் தன் மனம்போல் இரண்டனுள் ஒன்றாக மாற்றிவிடுகின்றான்.

தென்காசிப் பக்கத்து முதியவர் ஒருவரை மலைவளப் பாடல்கள் நன்றாக உள்ளனவா எனக் கேட்பின், 'நல்லாத்தான் இருக்கு' எனக் கூறக்கூடும். அத் 'தான்' என்னும் இடைச்சொல்லில் ஒரு தயக்கம் மறைந்து கிடக்கின்றது. அல்லது, 'நல்லா இல்லாமலா இத்தன காலமா பாடுதாங்க?' எனத் திருப்பிக் கேட்கக்கூடும். இஃது இலக்கணத்தார் கூறும் வினாதல். ஊர் பாடுகின்றது என்பதன்றித் தாம் சுவைத்தார் என்பதை அம்முதியவர் கூறவில்லை. குறிப்பெடுப்பவனோ மகிழ்ச்சியுடன் 'ஆம்' எனக் கோடிடுவான். இன்னும் ஒன்று: இலக்கிய வழக்கில் 'வாரேன்' என்பது எதிர்மறை, நெல்லை வழக்கில் அதுவே உடன்பாடு. எழுத்து வழக்கில் வினாவி, பேச்சு வழக்கில் விடைபெற்று, மீண்டும் எழுத்து வழக்கில் பதிவுசெய்யும் ஆராய்ச்சியில் இத்தகைய இடறுகுழிகள் பலவாம்.

எதற்கும் உடன்படும் இயல்பு தமிழர்க்கே உரியதன்று. கருத்தின் பொருளை நோக்காது ஒரே வகையாக விடையிறுக்கும் பழக்கத்தை 1946இல் லீ குரோன்பாக் என்பார் விளக்கமாக எழுதினார். 1932இல் ரென்சிஸ் லிக்கர்ட் வகுத்த ஐந்துபடி முறையில், 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்பதுமுதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பது ஈறாக விடைகள் அமையும். உடன்படும் பழக்கத்தை ஈடுசெய்யக் கூற்றுக்களிற் பாதியை எதிர்முகமாக அமைத்தல் மரபு. தமிழில் இதுவும் எளிதன்று. 'இந்நூல் சலிப்பூட்டவில்லை' என்ற கூற்றிற்கு 'உடன்படவில்லை' எனக் குறியிடுபவன் என்ன கருதினான் என்பதை அவனே மறுநாள் கூறமாட்டான். எதிர்முகக் கூற்றினை எதிர்மறை வினையால் அமைக்காமல், 'சலிப்பூட்டுகிறது' என உடன்பாட்டு வினையால் அமைத்தலே தக்கது.

குறவஞ்சியின் பிற்பகுதியிற் சிங்கனும் சிங்கியும் உரையாடும் இடம் பலரும் அறிந்தது. பிரிந்துபோன சிங்கி புதிய அணிகலன் பூண்டு நிற்கக் கண்ட சிங்கன் ஒவ்வொன்றாகச் சுட்டி வினவுகின்றான். அவள் காலைக் கண்டு, பெரிய விரியன் பாம்பு கடித்துக் கிடப்பது ஏன் என்கின்றான். அவளோ, அது சேலத்து நாட்டிற் குறிசொல்லிப் பெற்ற சிலம்பு என்கின்றாள். நகைச்சுவைக்காக அமைந்த பகுதி எனக் கூறி இதனைக் கடந்துபோவர். உற்றுநோக்கின், சிங்கன் வினாவுள் ஒரு முற்கோள் புதைந்துள்ளது. காலிற் கிடப்பது பாம்பு என்பதை அவன் வினவவில்லை. அதனை முடிந்த முடிபாக வைத்து, ஏன் கிடக்கின்றது என்பதையே வினவுகின்றான். சிங்கி 'ஏன்' என்பதற்கு விடைகூறுமுன் 'பாம்பு' என்பதைத் திருத்துகின்றாள். உரையாடலில் அவளுக்கு அவ்வுரிமை உண்டு. அவளிடம் சிங்கன் அச்சிட்ட தாளைக் கொடுத்து, '(அ) மிதித்ததனால் (ஆ) தானே வந்ததனால் (இ) பிற' எனக் கட்டமிட்டிருப்பின், சிலம்பு எங்ஙனம் வெளிப்படும்? 'தாங்கள் குறவஞ்சியை விரும்பக் காரணம் யாது' எனத் தொடங்கும் வினாக்களெல்லாம் சிங்கன் வினாக்களே. விரும்பினாரா என்பதை முதற்கண் கேட்டல் வேண்டும். அதற்கும் முன்னர், கேட்டிருக்கின்றாரா என்பதைக் கேட்டல் வேண்டும்.

சிங்கன் வினாவினும் நுண்ணியது குறிகூறும் பகுதி. உளநூலார் தம் கருவியை ஐயுறக் கற்பித்த நிகழ்ச்சி ஒன்றும் குறியோடு தொடர்புடையது. 1949இல் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணாக்கர் 39 பேர்க்கு வினாநிரல் ஒன்றைக் கொடுத்து நிரப்பச்செய்தார். ஒரு வாரம் சென்றபின், அவரவர் குணவியல்பின் கணிப்பு எனக் கூறி ஒவ்வொருவரிடமும் ஒரு தாளைத் தந்தார். கணிப்பு எத்துணைப் பொருந்துகின்றது எனச் சுழி முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுமாறு கேட்டார். சராசரி 4.26 வந்தது. பின்னரே உண்மையை வெளியிட்டார்: அனைவர் கையிலும் இருந்தது ஒரே வாசகம், அதன் பெரும்பகுதி கடையில் விற்கும் சோதிட நூலிலிருந்து எடுத்தது! யார்க்கும் பொருந்தும் சொற்களைத் தமக்கே உரியனவாகக் கொள்ளும் மக்கள் இயல்பு இதனால் வெளிப்பட்டது. 'சரியாக இருக்கிறது' என விடையிறுப்பார் ஒப்புதல், கணிப்பு மெய்யென்பதற்குச் சான்றாகாது.

வசந்தவல்லி இம்மாணாக்கர் போல்வாள் அல்லள். குறத்தி அவள் கைபார்த்துத் தெய்வங்களை வாழ்த்தி, அவள் மெலிவு காதலால் நேர்ந்தது எனப்படக் கூறுகின்றாள். வசந்தவல்லி சினக்கின்றாள், கன்னியாக இருக்கும் என்னைக் காமுற்றவள் என்பதா எனக் கடிகின்றாள். அவள் திரிகூடநாதர் பவனி கண்டு மயங்கியதையும், பாங்கியைத் தூது விடுத்ததையும் நாம் அறிவோம். ஆதலின் அவள் மறுப்பு மெய்யன்று. நாணத்தால் எழும் இம்மறுப்பினை வினாநிரல் செய்வோர் நன்கு கருதுதல் வேண்டும். உலகம் நன்றெனக் கொள்வதையே தம்மிடம் உளதாகக் காட்ட விழைவார் இயல்பை அளத்தற்கென்றே 1960இல் குரௌன், மார்லோ என்னும் இருவர் 33 கூற்றுக்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தனர். வசந்தவல்லியிடம் 'காதல் உண்டா, இல்லையா' எனத் தாளிற் கேட்டிருப்பின் 'இல்லை' என்றே குறியிட்டிருப்பாள்.

ஆயினும் அவள் அத்துடன் நில்லாள். நீ கூறிய குறி மெய்யாயின் அத்தலைவனுடைய அடையாளமும் பெயரும் கூறுக என்கின்றாள். பொதுப்படக் கூறியதை ஏலாது, பொய்ப்பின் பொய்யென உணரத்தக்க சிறப்பு விடையை வேண்டுகின்றாள். ஃபோரர் வகுப்பில் ஒருவரேனும் 'இஃது என்னையன்றி என் பக்கத்திலிருப்பவனுக்குப் பொருந்தாது என்பதைக் காட்டுக' எனக் கேட்டிருப்பின் அவ்விளையாட்டு நடவாது. காதலை மறைக்கப் புகுந்தவளே அதனை ஆராயும் தலைசிறந்த வினாவையும் எழுப்பிவிடுகின்றாள் என்பது கவிராயர் அமைத்த நயம். அவ்வினாவாலேயே அவள் உள்ளமும் வெளிப்பட்டுவிடுகின்றது. காதலில்லாதவள் பெயர் கேட்பாளா?

அளவுகோலை மொழிபெயர்த்தல் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். 1946இல் சாலமன் ஆஷ், ஒருவன் குணங்களைப் பட்டியலிட்டு இரு குழுவினர்க்குக் கொடுத்தார். பட்டியல் இரண்டும் ஒரே தன்மையன. ஒன்றில் 'வெம்மையன்', மற்றொன்றில் 'குளிர்ந்தவன்' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் மட்டுமே வேறுபட்டன. வெம்மையனை வள்ளலாகவும் இனியனாகவும், குளிர்ந்தவனை அதற்கு மாறாகவும் மக்கள் மதித்தனர். இதனை அப்படியே தமிழாக்கிக் குற்றாலத்திற் கொண்டு கொடுப்போமாயின் என்ன நேரும்? செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று நுழைந்து சாரல் தூவும் அவ்வூரில், உள்ளம் குளிர்தலும் கண் குளிர்தலும் இன்பத்தின் பெயர்கள். எரிந்து விழுபவனே வெம்மையன். வெம்மை என்னும் உரிச்சொல் விருப்பப் பொருளும் தரும் என்பது தொல்காப்பியம். ஆயின் உரியியல் கற்ற மாணாக்கனன்றிச் சந்தையில் நிற்பார் அப்பொருள் கொள்ளார். ஒருவர் பெயர்த்ததை மற்றொருவர் மூலமொழிக்கு மீட்டுப் பெயர்த்து ஒப்பிடும் முறையை உளநூலார் மேற்கொள்வர். அம்முறையில் இப்பிழை சிக்காது. 'குளிர்ந்தவன்' மீட்டும் அதே ஆங்கிலச் சொல்லாகவே திரும்பிவரும். சொல் ஒத்து, மதிப்பு மாறிய இடம் இது.

தென்காசியைப் பற்றிச் சுவையாராய்ச்சியிற் பேசுவோர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரைக் கூறாது விடுத்தல் இயலாது. 1954இல் மறைந்த அப்பெருமகனார் நெல்லையிலும் குற்றாலத்திலும் நண்பர் குழுவில் பாடல்களை வாய்விட்டுப் பன்முறை படித்துக்காட்டி, கேட்போர் உள்ளத்தில் எழும் உணர்ச்சியையே கவிதைக்கு அளவுகோலாகக் கொண்டார். அவ்வளவுகோலால் கம்பர் பாடல்களுட் பலவற்றைக் கம்பருடையன அல்ல எனத் தள்ளவும் துணிந்தார். புலவர் பலர் இதனை மறுத்தனர். மறுப்புக்கள் பெரும்பாலும் பாடபேதம், யாப்பு என்பனபற்றி எழுந்தன. அவருடைய கூற்று உளநூற் கூற்று என்பதை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. 'இப்பாடலைக் கேட்ட தமிழன் உள்ளம் இவ்வாறு இயங்கும்' என்பது சோதித்தற்குரிய கூற்று. ஏறத்தாழ அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் ஆசிரியர் பெயரை மறைத்துப் பாடல்களை மாணாக்கரிடம் கொடுத்து, விரும்பியவாறு கருத்தெழுதச் செய்து, பதின்மூன்று பாடல்கட்கு வந்த கருத்துக்களை ஆராய்ந்து 1929இல் நூலாக்கினார். புகழ்பெற்ற புலவர் பாடல்களைப் பலர் இகழ்ந்திருந்தனர்.

இருவர் முறையையும் ஒப்புநோக்கின், ரிச்சர்ட்ஸிடம் பெயர் மறைந்தது, குரலும் மறைந்தது. முதலியார் அவையில் இரண்டும் நின்றன. படிப்பவர் அழுத்தும் சொல்லும் நிறுத்தும் இடமும் 'இங்கே சுவைமின்' என ஏவுதலின், அவர் குரலே ஓர் ஏவல் வினா என்பது என் துணிபு. அவ்வவையில் எழுந்த பாராட்டினைத் தமிழுள்ளத்தின் தீர்ப்பாகக் கோடல் அரிது. ஆயினும் அவர் பெற்றது தாளிலிட்ட குறியன்று. கண்ணீரும் நகையும் மருட்கையுமாகிய மெய்ப்பாடு. தாளிற் கூறுவதும் மெய்யிற் காண்பதும் வேறாதலை 1934இல் லாபியர் என்பார் எண்ணிக் காட்டினார். சீனத் தம்பதியர் இருவருடன் அமெரிக்காவில் 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் அவர் புகுந்தபோது ஓரிடமே மறுத்தது. பின்னர் அவ்விடங்கட்குக் கடிதம் எழுதிச் சீனரை ஏற்பீரோ என வினவ, விடையளித்த 128 இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை மறுத்தன. இவ்வகையில் முதலியார் கண்ட சான்று நம் கட்டங்களினும் உயர்ந்தது. அவர் அதனைப் பெற்ற சூழ்நிலையே குறையுடைத்து.

குறைகூறுவதோடு அமையாமல், தென்காசியிலும் மேலகரத்திலும் குறவஞ்சிச் சுவையை ஆராய விழையும் மாணாக்கர்க்கு ஒரு வழி கூறுவேன். நூற்பெயரும் புலவர் பெயரும் கூறாமல், குறவஞ்சிப் பாடல் சிலவற்றையும் அதே காலத்துப் பிற பாடல் சிலவற்றையும் ஒரே குரலிற் பதிவுசெய்து கேட்பித்தல் வேண்டும். கேட்கும் குழுவிற்குக் குழு வரிசையை மாற்றுதல் வேண்டும். வினா பேச்சு வழக்கில் அமைதல் வேண்டும். விடையைக் கூறியவாறே எழுதியபின், எவ்வகை இறை என்பதை வேறொருவர் வகுத்தல் வேண்டும். 'நன்றாக உள்ளதா' என்னும் வினாவை அறவே நீக்கலாம். அதற்கு ஈடாக ஒன்றுண்டு. குறுந்தொகை 23ஆம் பாட்டில், கட்டுவிச்சியின் பாடலைக் கேட்கும் தோழி, தலைவனுடைய குன்றத்தைப் பாடிய பாட்டினை மட்டும் இன்னும் பாடுமாறு வேண்டுகின்றாள். தலைவி உள்ளம் யாண்டுளது என்பது அவ்வேண்டுகோளாற் புலனாகின்றது. 'எதை மறுபடி கேக்கணும்?' என்பதே நம் வினாவாகுக. எத்தனை பேர் மீண்டும் கேட்க விரும்பினர், எந்த அடியில் நிறுத்தச் சொன்னர், எத்தனை பேர் ஒன்றும் வேண்டா என்றனர் என்பனவற்றை எண்ணி எழுதலாம். ஒன்றும் வேண்டா என்றாரைத் தனிக் கட்டத்தில் எழுதுக.